பாப் ஹைலின் காதும் நம் ஊர் வில்லுப்பாட்டும்: திறந்தவெளியில் ஒலி அமைக்கும் முறை

சொந்தமாக ஒரு மிக்சரும் இரண்டு ஸ்பீக்கர் பாக்ஸும் வாங்கி, கொடை என்று நாங்கள் சொல்லும் கோவில் விழாவுக்கும் சர்ச் திருவிழாவுக்கும் மைக் செட் போடத் தொடங்கியிருக்கும் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் திங்கள்சந்தைப் பக்கத்துக்காரன். என் தந்தை காலத்தில் குழாய் ஸ்பீக்கரும் இசைத்தட்டுமாக நடந்த தொழில் இது. இன்று பெட்டிகள் மாறிவிட்டன, விலை மாறிவிட்டது. ஆனால் வில்லுப்பாட்டு நடக்கும் இடத்தில் கதை கடைசி வரிசைக்குப் போய்ச் சேராத குறை மட்டும் பல ஊர்களில் அப்படியே இருக்கிறது. அதை எப்படிச் சரிசெய்வது என்பதுதான் இங்கே விஷயம்.

இந்தத் தொழிலில் நான் குருவாக நினைப்பவர் பாப் ஹைல். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் மரிசா என்ற சின்ன ஊரில் வளர்ந்தவர். 1940இல் பிறந்து 2024 பிப்ரவரியில் மறைந்தார். நான் அவரைச் சந்தித்ததில்லை. ராக் இசைக் குழுக்கள் பெரிய அரங்குகளில் பாடும்போது பாட்டின் சொல் கேட்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்ற முதல் சிலரில் அவர் ஒருவர். அவருடைய கதையைத் தெரிந்துகொண்டால் நம் வேலையில் பாதி புரிந்துவிடும். அதனால் முறையையும் அவர் வாழ்க்கையையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில், அவர் வருவதற்கு முன் நிலைமை எப்படி இருந்தது என்று பாருங்கள். 1965 ஆகஸ்டில் நியூயார்க்கின் ஷே மைதானத்தில் பீட்டில்ஸ் பாடியபோது 55,000 பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். கிட்டாருக்கு 100 வாட் ஆம்ப். பாட்டுக்கு மைதானத்தின் அறிவிப்பு ஸ்பீக்கர். பாடியவர்களுக்கே தங்கள் குரல் கேட்கவில்லை. உலகப் புகழ் பெற்ற குழுவுக்கே அந்த நிலை என்றால், ஒலி அமைப்பது தனிக் கலை என்று அன்று எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

காதைப் பழக்குவது

ஹைல் பள்ளி வயதிலேயே ஆர்கன் வாசித்தார். செயின்ட் லூயிஸ் நகரின் ஃபாக்ஸ் தியேட்டரில் இருந்த பெரிய குழாய் ஆர்கனை வாசித்துவந்த ஸ்டான் கான் என்பவரிடம் சேர்ந்து, வாசிப்பதோடு அதன் குழாய்களைச் சுருதி சேர்க்கவும் கற்றுக்கொண்டார். அந்த ஆர்கனில் ஆயிரக்கணக்கான குழாய்கள். இரண்டு குழாய்களை ஒன்றாக ஒலிக்க விட்டு, அவற்றுக்கு இடையில் அலைபோல் ஏறி இறங்கும் துடிப்பைக் கேட்க வேண்டும். ஒன்று 440 ஹெர்ட்ஸ் (ஒரு நொடிக்கு 440 அதிர்வு), இன்னொன்று 442 என்றால் ஒரு நொடிக்கு இரண்டு துடிப்பு. சுருதி நெருங்க நெருங்கத் துடிப்பு மெதுவாகி, சேர்ந்ததும் நின்றுவிடும். ஒரு சிறுவன் இந்த வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தால் அவன் காது என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பின்னாளில் மிக்சர் முன்னால் நின்று, எந்த ஒலி மிகுந்திருக்கிறது என்று அவர் கண்டுபிடித்ததெல்லாம் அங்கே பழகிய காதால்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நமக்கு அந்த ஆர்கன் கிடைக்காது. கைப்பேசி கிடைக்கும். தனி ஒலி எழுப்பும் செயலி ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். 250, 500, 1000, 2000, 4000 ஹெர்ட்ஸ் ஆகிய ஐந்தையும் தினமும் கேளுங்கள். பிறகு வீட்டில் ஒருவரைக் கண்டபடி மாற்றி ஒலிக்கச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு எது என்று சொல்லுங்கள். இது பிடிபட்டதும் இடையில் உள்ளவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கொடை நடக்கும் இரவில், ஸ்பீக்கர் ஒலி திரும்ப மைக்குக்குள் புகுந்து மைக் ஊளையிடும்போது, மிக்சரில் எந்த அதிர்வெண் பட்டையை இறக்க வேண்டும் என்று தேடித் தடவும் நேரம் உங்களுக்குக் கிடைக்காது. காது சொன்னதும் கை போக வேண்டும்.

சொல்லுக்கு இடம் கொடுப்பது

1966இல் ஹைல் மரிசாவில் ஓர் இசைக்கருவிக் கடை திறந்தார். ஆர்கன் விற்பது, வாடகைக்கு விடுவது, பழுது பார்ப்பது. ஃபாக்ஸ் தியேட்டர் வேண்டாம் என்று கழித்துப்போட்ட பெரிய ஆல்டெக் சினிமா ஸ்பீக்கர்களை எடுத்துவந்து, தானே ஓர் ஒலி அமைப்பைக் கட்டினார். 1970 பிப்ரவரி 2ஆம் தேதி அதே தியேட்டருக்கு கிரேட்ஃபுல் டெட் என்ற குழு தன் ஒலி அமைப்பு இல்லாமல் வந்து நின்றது. ஹைலுக்குத் தகவல் போனது. தன்னிடம் இருந்ததை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். அந்த ஓர் இரவு அவர் வாழ்க்கையை மாற்றியது. அடுத்த ஆண்டே இங்கிலாந்தின் தி ஹூ குழு அவரை அழைத்துக்கொண்டது. சிற்றூர்க் கடைக்காரர் ஒருவர் உலகத்தின் மிகச் சத்தமான குழுக்களில் ஒன்றுக்கு ஒலி அமைத்தார். நெய்யூரிலோ குலசேகரத்திலோ கடை வைத்திருக்கிற ஒருவர் இதைப் படித்தால் நெஞ்சு நிமிர வேண்டும்.

சத்தத்தை மட்டும் கூட்டியிருந்தால் அவரை இவ்வளவு நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை. மனிதப் பேச்சில் சொல்லைப் பிரித்துக் காட்டும் பகுதி ஏறத்தாழ 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரை இருக்கிறது என்பதை அவர் ஓயாமல் சொல்லிவந்தார். தொலைபேசிக்காகப் பெல் ஆய்வுக்கூடத்தில் நடந்த ஆராய்ச்சிகளை அவர் கவனமாகப் படித்திருந்தார். சிறு வயதிலிருந்தே அமெச்சூர் ரேடியோ, அதாவது பொழுதுபோக்காகத் தூர ஊர்க்காரர்களோடு வானொலியில் பேசும் நிலையம், நடத்தியவர் அவர். இரைச்சலுக்கு நடுவே தூர தேசத்துக் குரலின் சொல்லைப் பொறுக்கி எடுக்கப் பழகியவருக்கு இது புரிந்ததில் வியப்பில்லை.

வில்லுப்பாட்டில் இது உயிர்நாடி. முத்துப்பட்டன் கதையோ சுடலைமாடன் கதையோ, புலவர் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் போய்ச் சேர வேண்டும். ஒருமுறை ஒரு கொடையில் பின்னால் பாயில் உட்கார்ந்திருந்த பாட்டி ஒருவர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "சத்தம் கேட்கிறது மக்களே, கதைதான் கேட்கவில்லை." எங்கள் தொழிலுக்கு இதைவிடத் தெளிவான அளவுகோல் எனக்குத் தெரியாது.

புலவரின் மைக்கில் முதலில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடுங்கள். காற்றின் உறுமலும் மேடைப் பலகை அதிர்வும் அங்கேதான் இருக்கின்றன. அடுத்து 250 முதல் 400 வரை கொஞ்சம் இறக்குங்கள். குரலில் இருக்கும் மந்தம் விலகும். பிறகும் சொல் தெளியவில்லை என்றால் மட்டும் 3000 பக்கம் சிறிது ஏற்றுங்கள். பல தம்பிகள் முதலிலேயே பேஸையும் டிரெபிளையும் முழுக்க ஏற்றி நடுவைப் பள்ளமாக்கிவிடுகிறார்கள். சினிமாப் பாட்டு போட அது நன்றாக இருக்கும். கதை சொல்லும் குரல் அந்தப் பள்ளத்தில் விழுந்துவிடும். சரியாக இருக்கிறதா என்று தெரிய, கடைசி வரிசைக்கு நடந்துபோய் ழகரமும் ளகரமும் பிரிந்து கேட்கிறதா என்று பாருங்கள். எக்கோவை அடியோடு நிறுத்திவிடுங்கள். தொடக்கத்தில் காப்பு என்னும் வணக்கப் பாட்டுப் பாடும்போது அழகாகத் தோன்றும் எக்கோ, கதை வேகமெடுத்ததும் ஒரு சொல்லின் வாலை அடுத்த சொல்லின் தலைமேல் கட்டிவிடும்.

மைக்குகளை வைப்பது

வில்லுக் குழு நெருக்கி உட்கார்ந்திருக்கும். வில்லுக்கு நடுவில் புலவர், பக்கத்தில் பின்பாட்டுக்காரர்கள், குடம், உடுக்கை, தாளம், கட்டை, இப்போது பல குழுக்களில் ஆர்மோனியமும் உண்டு. ஆளுக்கொரு மைக் என்று ஆரம்பித்தால் தொல்லைதான். திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிப்பாகும்போதெல்லாம், ஊளை வருவதற்கு முன் உங்களுக்குக் கிடைக்கும் ஒலி 3 டெசிபல் (ஒலி அளவைக் குறிக்கும் அலகு) குறைகிறது. இரண்டு மைக் நான்கானால் 3, எட்டானால் 6. ஆகவே எதற்கு மைக் வேண்டாம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

வில்லுக்கு வேண்டாம். வில்லின் நாணை அடிக்கும் வீசுகோலின் அடியும் மணிகளின் ஒலியும் புலவரின் மைக்கிலேயே வேண்டிய அளவு வந்துவிடும். தாளத்துக்கும் கட்டைக்கும் வேண்டவே வேண்டாம். அவை எந்த மைக்கிலும் புகுந்துகொள்ளும். புலவருக்கு ஒன்று, ஆமாம் போடும் பின்பாட்டுக்காரர்களுக்கு ஒன்று, குடத்துக்கு ஒன்று, உடுக்கைக்கு ஒன்று. இத்துடன் ஆர்மோனியத்துக்குத் தேவை என்றால் ஒன்று. ஒரு மைக்குக்கும் அடுத்த மைக்குக்கும் உள்ள தூரம், மைக்குக்கும் பாடுபவரின் வாய்க்கும் உள்ள தூரத்தைப் போல மூன்று மடங்காவது இருக்கட்டும்.

குடத்தின் மைக்கை வாய்க்கு நேராக வைக்காதீர்கள். அடிக்கும்போது குடத்திலிருந்து காற்று உந்தி வரும். அது நேராக மைக்கில் பட்டால் 'பும்' என்று வெடிக்கும். ஒரு சாண் தள்ளி, சாய்வாக வையுங்கள். இந்த மைக்குக்குக் கீழ் வெட்டு வேண்டாம், குடத்தின் வயிற்றொலியே அங்கேதான் இருக்கிறது.

நம் பக்கத்தில் அதிகம் பயன்படும் எஸ்எம்58 போன்ற மைக்குகள் முன்னால் வரும் ஒலியை நன்றாகவும், நேர் பின்னால் வருவதை மிகக் குறைவாகவும் எடுக்கும். ஆகவே பாடுபவருக்குத் தன் குரல் கேட்க வைக்கும் மானிட்டர் பாக்ஸை மைக்கின் நேர் முதுகுக்கு எதிரே, புலவரைப் பார்க்க வையுங்கள். பக்கவாட்டில் வைத்தால் ஊளை. மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடிக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. பொத்தினால் பின்பக்க ஒலியைத் தள்ளும் குணம் போய்விடும். புலவரிடம் மரியாதையாக, நிகழ்ச்சிக்கு முன்பே சொல்லிவிடுங்கள்: "அண்ணாச்சி, தலையை விட்டுத் தண்டைப் பிடித்துக்கொள்ளுங்கள்." மேடையில் வைத்துத் திருத்தக் கூடாது.

ஒலிச் சோதனையின்போது எல்லாரும் காப்புப் பாடலை மெல்லப் பாடிக் காட்டுவார்கள். அதை வைத்து அளவு குறித்துவிட்டுப் போனால் நள்ளிரவுக் கதைக்கு அந்த அளவு போதாது. கதை உச்சத்துக்குப் போய்ச் சாமியாட்டம் தொடங்கும் நேரத்தில் எப்படிப் பாடுவார்களோ அப்படி ஒரு கண்ணி பாடச் சொல்லுங்கள். உடுக்கையையும் அதே வேகத்தில் அடிக்கச் சொல்லுங்கள். அப்போதும் மிக்சரில் சிவப்பு விளக்கு எரியாதபடி கெயினை (மைக் ஒலியை மிக்சர் பெருக்கும் அளவை) வையுங்கள். அதற்கு மேலும் 6 டெசிபலாவது மிச்சம் இருக்கட்டும். சாமி வந்து ஆடும் நேரத்தில் எக்காரணம் கொண்டும் மைக்கை அணைக்காதீர்கள். ஊளை வந்தால் அந்தப் பட்டையை மட்டும் இறக்குங்கள். அது ஊர் மக்கள் ஆண்டெல்லாம் காத்திருக்கும் நேரம்.

ஸ்பீக்கரும் காற்றும்

1969 ஆகஸ்டில் நியூயார்க் மாநிலத்தின் பெத்தல் என்ற ஊரில் உட்ஸ்டாக் விழா நடந்தது. நான்கு லட்சம் பேர் கூடினார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அதற்கு ஒலி அமைத்த பில் ஹேன்லி, ஹைலைப் போலவே இத்துறையின் முன்னோடி. சாரம் கட்டி எழுப்பிய உயரமான கோபுரங்களில் ஸ்பீக்கர்களை ஏற்றி, சரிவில் உட்கார்ந்திருந்த கூட்டத்தின்மீது ஒலியை இறக்கினார். முன்வரிசைக்காரரின் காதைப் பிளக்காமல் பின்வரிசைக்கு ஒலியைக் கொண்டுபோகும் வழி இந்த உயரம்தான். தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறையும். தரையில் வைத்த பாக்ஸுக்கு முன்னால் 2 மீட்டரில் இருப்பவருக்கும் 32 மீட்டரில் இருப்பவருக்கும் உள்ள வேறுபாடு 24 டெசிபல். பாக்ஸை உயர்த்தினால் முன்வரிசைக்கும் ஸ்பீக்கருக்கும் உள்ள தூரம் கூடும், இருவருக்கும் உள்ள வேறுபாடு குறையும். பாக்ஸில் உயர் ஒலியைத் தரும் ஹார்ன், உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்கு மேல் இருந்து, முகம் சற்றுக் கீழே சாய்ந்து பின்வரிசையைப் பார்க்கட்டும்.

நம் மாவட்டத்தில் இதற்குமேல் ஒரு சங்கதி உண்டு. ஆடி மாதம் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வீசும் காற்று. முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்றுதான் நம் ஒலியையும் வளைக்கிறது. காற்று போகும் திசையில் ஒலி தரையை நோக்கி வளையும். எதிர்த்திசையில் மேலே வளைந்து தப்பிவிடும். அந்தப் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கு எவ்வளவு வாட் கொடுத்தாலும் போய்ச் சேராது. வில்லு மேடை சன்னதியைப் பார்த்தே அமையும். அதை நாம் திருப்ப முடியாது. காற்றை எதிர்த்து ஒலி போக வேண்டிய பக்கத்தில் கூட்டத்துக்கு நடுவே சின்ன பாக்ஸ் ஒன்றை உயரத்தில் வையுங்கள். தூரத்துக்கு அனுப்பப் போராடுவதைவிடப் பக்கத்தில் இருந்து மெல்லக் கொடுப்பது மேல்.

அப்படி நடுவில் வைக்கும் பாக்ஸுக்கு டிலே, அதாவது ஒலியைச் சற்றுத் தாமதமாக்கும் அமைப்பு, கொடுக்க வேண்டும். நம் ஊர் வெப்பத்தில் ஒலி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் போகிறது. மேடைப் பாக்ஸிலிருந்து 35 மீட்டர் தள்ளி வைத்தால் 100 மில்லி நொடி டிலே. அதற்கு மேல் 10 சேர்த்து 110 வைத்தால், ஒலி மேடையிலிருந்தே வருவதுபோல் காது நம்பும். டிலே வைக்க வசதி இல்லாவிட்டால் அந்தப் பாக்ஸை வைக்காமல் இருப்பதே நல்லது. ஒரே சொல் இரண்டு தடவை கேட்டால் கதை கெட்டது.

ஸ்பீக்கரின் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறதா என்று பார்ப்பது எல்லாவற்றிலும் எளிய, எல்லாரும் விட்டுவிடுகிற வேலை. ஹைல் இந்தப் பாடத்தை ஆயுள் முழுதும் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு பாக்ஸ் முன்னே தள்ளும்போது அடுத்தது பின்னே இழுத்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். குடத்தின் அடி காணாமல் போகும். ஆம்பிலிருந்து வயரைக் கழற்றிவிட்டு, 1.5 வோல்ட் டார்ச் பேட்டரியின் பிளஸை வயரின் பிளஸிலும் மைனஸை மைனஸிலும் ஒரு கணம் தொடுங்கள். கூம்பு முன்னால் நகர வேண்டும். எல்லாப் பேஸ் ஸ்பீக்கரும் ஒரே திசையில் நகர்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். ஹார்ன் டிரைவரில் மட்டும் பேட்டரியைத் தொடாதீர்கள், அதன் மெல்லிய தகடு கெட்டுவிடும்.

எங்கே உட்காருவது

மிக்சரோடு மேடைக்குப் பின்னால் கீற்றுக் கொட்டகையில் உட்காரும் வழக்கத்தை விடுங்கள். அங்கே உங்களுக்குக் கேட்பது பாக்ஸின் முதுகு. கூட்டத்துக்குள், இரண்டு பாக்ஸுக்கும் ஏறக்குறைய நடுவில் இடம் கேளுங்கள். விழாக் கமிட்டி முதலில் முகம் சுளிக்கும். ஒரு தடவை பாட்டு நன்றாகக் கேட்டுவிட்டால் அடுத்த ஆண்டு அவர்களே பலகை போட்டுத் தருவார்கள். அங்கிருந்தும் எழுந்து எழுந்து நடக்க வேண்டும்.

மின்சாரமும் நேரமும்

இதில் விட்டுக்கொடுப்பு வேண்டாம். ஜெனரேட்டருக்குத் தனி எர்த், மேடைக்குப் போகும் வயரில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்). மேடையில் உள்ள எல்லாக் கருவிகளும் ஒரே எர்த்தில் இருக்க வேண்டும். ஆர்மோனியத்துக்குப் பதில் கீபோர்டு வைத்திருக்கும் குழுவில் கீபோர்டு ஒரு லைனிலும் மிக்சர் இன்னொரு லைனிலும் இருந்தால், கையில் கீபோர்டும் உதட்டில் மைக்குமாக இருப்பவருக்கு ஷாக் அடிக்கும். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. வயர் இணைப்புகளைத் தரையில் விடாமல் உயர்த்திக் கட்டுங்கள். மழை தொடங்கினால் முதலில் மேடை மின்சாரத்தை நிறுத்துங்கள், பிறகு பாக்ஸுக்குத் தார்ப்பாய் போடுங்கள்.

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குச் சட்டத்தில் தடை உண்டு. திருவிழா நாட்களில் நள்ளிரவு வரை தளர்வு தர அரசுக்கு அதிகாரம் இருக்கிறது. காவல் நிலைய அனுமதிக் கடிதத்தில் என்ன நேரம் எழுதியிருக்கிறது என்று கமிட்டியிடம் கேட்டு வாங்கிப் படியுங்கள். ஊர் எல்லை வரை மின்கம்பந்தோறும் குழாய் ஸ்பீக்கர் கட்டச் சொன்னால் நான் மறுத்துவிடுகிறேன். கதை கேட்க வந்தவர் மேடை முன்னால் இருக்கிறார். வராதவர் வீட்டில் பிரசவித்த பெண்ணோ பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையோ இருக்கலாம்.

முட்டம், குளச்சல் போன்ற கடலோர ஊர்களில் வேலை என்றால் கூடுதலாகச் சில. அலையோசை எல்லா அதிர்வெண்ணிலும் கலந்து வருவது. அதை மீறச் சத்தத்தைக் கூட்டாமல், பாக்ஸைக் கூட்டத்துக்கு நெருக்கமாகக் கொண்டுவாருங்கள். உப்புக் காற்று ஜாக்குகளையும் மைக் வயரின் எக்ஸ்எல்ஆர் முனைகளையும் சில இரவுகளிலேயே பச்சை பிடிக்க வைக்கும். வீடு திரும்பியதும் முனைகளை உலர்ந்த துணியால் துடைத்து, கான்டாக்ட் கிளீனர் அடித்து, மைக்குகளைச் சிலிக்கா ஜெல் போட்ட பெட்டியில் வையுங்கள்.

ஒவ்வொரு கோவிலுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி நோட்டில் எழுதிவையுங்கள்: மேடை எந்தத் திசை, அந்த மாதத்தில் காற்று எந்தப் பக்கம், எந்தப் பட்டையில் ஊளை வந்தது, எவ்வளவு இறக்கினீர்கள், பாக்ஸ் எத்தனை அடி உயரம், டிலே எவ்வளவு, ஜெனரேட்டர் எங்கே நின்றது, புலவர் மைக்கை எவ்வளவு தள்ளிப் பிடிப்பவர். அடுத்த கொடைக்குப் பாக்ஸ் இறக்கும் முன்பு அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு வயரை விரியுங்கள்.